ராக் சக்கர் சுப்ரீம்: ஒரு பழைய ·222 ரைஃபிளும் மூன்று பருவத் தோட்டாக்களும்

சுட்டு முடித்த கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் இட்டுத் தோட்டா கட்ட உதவும் கருவி, ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் ராக் சக்கர் சுப்ரீம் என்ற ஒற்றை நிலைப் பிரஸ்; அது என் கார் கொட்டகையின் மேசையில் மூன்று வசந்தகாலங்களாக இருக்கிறது. ஏறத்தாழ 200 பித்தளைக் கூடுகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தி, இதுவரை 1,800 தோட்டாக்கள் அளவுக்கு அதில் கட்டியிருக்கிறேன். அத்தனையும் ஒரே ரைஃபிளுக்கு, ஒரே வேலைக்கு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய துளை ரைஃபிளுக்குப் பொறுமையாகத் தோட்டா கட்ட விரும்பும் ஒருவர் வாழ்நாளில் ஒரு பிரஸ் வாங்கினால் போதும் என்று நினைத்தால், தயங்காமல் இதை வாங்கலாம். ஆனால் இலக்கில் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதற்கு இந்தக் கருவியே காரணமாக இருக்கும் என்று எதிர்பார்த்து வாங்க வேண்டாம். துல்லியத்தைக் கெடுக்காமல் இருப்பதுதான் நல்ல பிரஸ்ஸின் வேலை. துல்லியத்தை உண்டாக்குவது கூடு, அதற்கு வடிவம் தரும் அச்சான டை, தராசு, அவற்றைக் கையாளும் கை ஆகியவை. இந்த வேறுபாடு எனக்குப் புரிய ஒரு முழுப் பருவம் ஆயிற்று என்பதால்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நான் வசிப்பது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்சி நகருக்கு அருகில். சில்லு உற்பத்தித் துறையில் அளவீட்டுப் பணிக்காக இங்கு வந்தேன். நகரைத் தாண்டித் தெற்கே போனால் ஸ்நேக் ஆற்றின் கரையோரமாகக் கருங்கல் பாறைகளும், அவற்றை ஒட்டிக் குதிரை மசால் வயல்களும் தொடங்கிவிடுகின்றன. பாறை இடுக்குகளில் மஞ்சள் வயிற்று மர்மட் என்ற கொறிவிலங்கு வளை தோண்டி வாழ்கிறது. இந்தப் பக்கத்து மக்கள் அதை ராக் சக் என்றுதான் அழைப்பார்கள். நன்கு வளர்ந்தது ஐந்து கிலோ வரை எடை இருக்கும். ஆண்டின் பெரும்பகுதியைத் தரைக்கடியில் உறங்கிக் கழிக்கும் இவ்விலங்கு, பனி உருகியதும் வெளியே வந்து, அடுத்த உறக்கத்துக்கு வேண்டிய கொழுப்பையெல்லாம் சில மாதங்களிலேயே சேர்த்தாக வேண்டும். அந்த அவசரத்தில் அது மேய்வது பெரும்பாலும் பாறையை ஒட்டியிருக்கும் குதிரை மசாலைத்தான். முதல் அறுவடைக்கு முன்பே வயல் விளிம்பு மொட்டையாகிவிடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆகவே விவசாயிகள் தமக்குத் தெரிந்த, உரிமம் பெற்ற, கவனமாகச் சுடுகிற ஆட்களைத் தங்கள் நிலத்துக்குள் விடுகிறார்கள்.

என் ரைஃபிள் ஒரு ரெமிங்டன் 722. உடன் பணிபுரிந்த ஒரு பெரியவர் ஓய்வு பெற்றபோது அவரிடமிருந்து வாங்கியது. அது ·222 ரெமிங்டன் தோட்டாவுக்கானது. ரெமிங்டன் நிறுவனத்தின் பொறியாளர் மைக் வாக்கர் வடிவமைத்து 1950-இல் வெளிவந்த அந்தத் தோட்டா, மேசைமீது ரைஃபிளைத் தாங்கிச் சுடும் துல்லியப் போட்டிகளில் பல ஆண்டுகள் கோலோச்சியது. 1964-இல் வணிகச் சந்தைக்கு வந்த ·223 ரெமிங்டன் இதன் வழியில் பிறந்ததுதான். ஆனால் பிள்ளை வளர்ந்து தகப்பனை மறைத்துவிட்டது. எந்தக் கடையிலும் ·223 அடுக்கடுக்காகக் கிடைக்கிறது. ·222 கேட்டால் எப்போதாவது ஒரு பெட்டி, அதுவும் நாம் விரும்பும் குண்டு எடையில் அல்ல. தோட்டாவை நானே கட்டத் தொடங்கியதற்கு முதற்காரணம் சிக்கனமோ ஆர்வமோ அல்ல, இந்தப் பற்றாக்குறைதான்.

பிரஸ்ஸின் பெயருக்கும் வயல் விளிம்பில் மேயும் விலங்குக்கும் உள்ள தொடர்பு தற்செயலானதல்ல. கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரைச் சேர்ந்த ஃபிரெட் ஹன்டிங்டன், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நல்ல குண்டுகள் கிடைக்காத நிலையில், சுட்டுத் தீர்ந்த ·22 ரிம்ஃபயர் கூடுகளையே உறையாக்கி, அவற்றுக்குள் ஈயத்தை வைத்து அழுத்திச் சிறு குண்டுகள் செய்யும் அச்சுகளை உருவாக்கினார். ராக் சக் வேட்டைக்கான குண்டுகள் என்பதால் அந்த அச்சுக்கு ராக் சக் புல்லட் ஸ்வேஜ் என்று பெயர். அந்தச் சொற்களின் முதலெழுத்துகளே ஆர்சிபிஎஸ். நிறுவனம் 1943-இல் தொடங்கியது. பின்னர் அவர்களுடைய பெரிய பிரஸ்ஸுக்கும் அதே விலங்கின் பெயரே அமைந்தது. தோட்டா கட்ட வேண்டிய இன்னொரு முக்கியப் பொருளான, கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைச் செய்யும் சிசிஐ நிறுவனமும், ஸ்பியர் குண்டுகளும் எங்கள் மாநிலத்தின் லூயிஸ்டன் நகரைச் சேர்ந்தவை. இந்தக் கலை இந்தப் பாறைகளுக்கும் வயல்களுக்கும் நடுவில்தான் வளர்ந்தது என்பதை மேசையில் உட்காரும்போதெல்லாம் உணர்கிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு சொல். அமெரிக்காவில் ஒருவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா கட்டுவதற்குக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்காகக் கட்டினால் உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம். எனவே இதை ஒரு நாட்டின் வழக்கத்தைப் பற்றிய செய்தியாக மட்டும் கொள்ளவும். அதே காரணத்தாலும் வேறொரு காரணத்தாலும், எவ்வளவு வெடிமருந்து இடுகிறேன் என்ற அளவை இங்கே எழுதமாட்டேன். என் ரைஃபிளில் பொருந்தும் அளவு அடுத்தவர் ரைஃபிளில் அழுத்தத்தை எல்லை மீறச் செய்யலாம். மருந்தையும் குண்டையும் தயாரிப்பவர்கள் வெளியிடும் கையேட்டை எடுத்து, அதில் சொல்லப்பட்ட தொடக்க அளவிலிருந்து படிப்படியாகப் போவது ஒன்றே வழி.

இனிக் கருவிக்கு வருகிறேன். ராக் சக்கர் சுப்ரீம் வார்ப்பிரும்பால் ஆன, மூடிய வளையம்போன்ற உடல் கொண்ட பிரஸ். மேலே டையைத் திருகும் மரை, கீழிருந்து மேலேறும் ஓர் அங்குலத் தடிமனுள்ள தண்டான ராம், அதன் தலையில் கூட்டின் அடிவிளிம்பைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், பக்கவாட்டில் நீண்ட நெம்புகோல். ஒரு நேரத்தில் ஒரே டை, ஒரே வேலை. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு கூட்டுக்கு ஒரே ஒரு செயல் நடக்கும்; அவ்வளவுதான். டை மரை பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பொதுவான 7/8 அங்குல அளவு என்பதால் வேறு நிறுவனங்களின் டைகளையும் இதில் பொருத்தலாம். புதிதாக வாங்க 200 டாலருக்குச் சற்று மேல் கொடுத்தேன். கனமான பொருள். இரண்டு அங்குலத் தடிப்பலகையில், அடியில் இரும்புப் பட்டை வைத்து, போல்ட் போட்டு முடுக்கினேன். முதலில் சாதாரண மேசையில் பொருத்தியபோது கைப்பிடியை இழுக்கும்போதெல்லாம் மேசையே எழுந்து வந்தது. பிரஸ் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மேசை நெளிந்தால் பயனில்லை. இதை வாங்குபவர்கள் பலகைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

அந்த உறுதி எதற்கு வேண்டும் என்பதைக் கூட்டைச் சுருக்கும் வேலையில்தான் காண முடியும். தோட்டா வெடிக்கும்போது பித்தளைக் கூடு விரிந்து ரைஃபிளின் அறையை இறுக நிரப்புகிறது. பிறகு சிறிது மட்டுமே சுருங்குகிறது. மீண்டும் பயன்படுத்த, அதன் கழுத்தைக் குண்டை இறுகப் பிடிக்கும் அளவுக்குக் குறுக்க வேண்டும். தோள்பட்டையை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு மட்டும் பின்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் ரைஃபிளின் அறையை மூடும் போல்ட்டை மூடக் கடினமாகும். அதிகம் தள்ளினால் ஒவ்வொரு சுடுதலிலும் கூடு நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே உட்புறம் மெலிந்து, ஒருநாள் அங்கேயே பிளக்கும். ராம் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் நின்றால்தான் இந்த ஒன்றிரண்டு பங்கு என்ற கணக்கு நிற்கும். நான் ஒரே தொகுதியில் 50 கூடுகளைச் சுருக்கி, ஒவ்வொன்றின் தோளையும் ஒப்பீட்டுக் கருவி மாட்டிய காலிப்பரால் அளந்தேன். ஐந்து கூடுகளைத் தவிர மற்றவை எல்லாம் ஒரே அளவில் இருந்தன; அந்த ஐந்தும் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் விலகியிருந்தன. பிற்பாடு பார்த்தபோது அவை மற்றவற்றைவிட அதிகமுறை சுடப்பட்டு இறுகிப்போன பித்தளை. பிழை பிரஸ்ஸில் இல்லை.

கைப்பிடி கீழிறங்கும்போது கையில் ஓர் எதிர்ப்பு தொடங்கி, கூடி, கடைசி அங்குலத்தில் நெம்புகோலின் அமைப்பால் திடீரென இலேசாகிறது. அந்த எதிர்ப்பின் மொழி பழகிவிட்டால் எந்தக் கூட்டில் மசகு போதவில்லை என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பழகாத காலத்தில் எனக்கு நேர்ந்தது இது: அவசரத்தில் மசகு தடவாத ஒரு கூடு இருபதோடு இருபத்தொன்றாய் டைக்குள் ஏறி, அங்கேயே சிக்கிக்கொண்டது. கைப்பிடியை மேலே தூக்கியபோது ஷெல் ஹோல்டர் கூட்டின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. கூட்டின் அடியில் துளையிட்டு, மரை வெட்டி, திருகு போட்டு இழுத்து எடுக்க ஒரு மாலை முழுதும் பிடித்தது. அன்றிலிருந்து மசகு தடவிய கூடுகளை ஒரு தட்டிலும் தடவாதவற்றை இன்னொரு தட்டிலும் வைக்கிறேன். இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் மேசைமேல் இருப்பதில்லை. கழுத்தின் உட்புறத்துக்கும் சிறிது மசகு வேண்டும். இல்லையென்றால், டையின் நடுவில் உள்ள விரிக்கும் உருண்டை வெளியேறும்போது கிறீச்சிட்டுக் கழுத்தைக் கோணலாக்கிவிடும்.

சுருக்கும்போது கூடு நீளவும் செய்கிறது. ·222-க்கு அதிகபட்ச நீளம் 1.700 அங்குலம், அதைத் தாண்டியவற்றை 1.690-க்கு வெட்டி, வாயின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் சீவுகிறேன். இதில் சொல்வதற்கு அதிகமில்லை. சலிப்பான வேலை, செய்தாக வேண்டும். கூடுகளைத் துலக்க மக்காச்சோளச் சக்கைத் துகளோடு அதிரும் தொட்டியில் போடுபவர்கள், பழைய பிரைமரின் எச்சத்தில் ஈயச் சேர்மம் இருப்பதால், அந்தத் தூசியை வீட்டுக்குள் கிளப்பாமல் வெளியில் வைத்துச் செய்யுங்கள். வேலை முடித்ததும் கை கழுவாமல் எதையும் உண்ண வேண்டாம். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சலுகையே கூடாது.

கூட்டிலிருந்து வெளியே தள்ளப்படும் பழைய பிரைமர்களில் ஒன்றிரண்டு ஏந்தும் தட்டுக்கு வெளியே சிதறுவது இயல்பு. காலடியில் ஒரு பாய் விரித்தால் தீர்ந்தது. புதிய பிரைமரைப் பொருத்தும் வசதி இந்தப் பிரஸ்ஸிலேயே உண்டு என்றாலும், நான் அதைப் பயன்படுத்துவதில்லை. இவ்வளவு பெரிய நெம்புகோலில், நான்கரை மில்லிமீட்டர்கூட இல்லாத சிறு பிரைமர் குழியின் அடியைத் தொட்டதை விரல் உணராது. கையில் பிடித்து அழுத்தும் தனிக்கருவியில் அது நன்றாகத் தெரிகிறது: முதலில் வழுக்கல், பிறகு ஒரு மெல்லிய நிறுத்தம். பொருத்தியபின் ஒவ்வொரு கூட்டின் அடியிலும் விரல்நுனியை ஓட்டுகிறேன். பிரைமர் மட்டத்துக்குச் சற்றே உள்ளே இருக்க வேண்டும்.

அடுத்தது தராசு. நான் ஒரு பருவத்தை இழந்தது இங்கேதான். வெடிமருந்தை நிறுக்கும் அலகு கிரெயின். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், ஒரு கிரெயின் 0.0648 கிராம். நம் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்த குன்றிமணியில் ஏறத்தாழப் பாதி எடை என்று வைத்துக்கொண்டால் மனத்தில் நிற்கும். தோட்டா கட்டுபவர் பார்க்க வேண்டியது அந்தக் கிரெயினிலும் பத்தில் ஒரு பங்கு. முதல் ஆண்டு நான் வாங்கிய மலிவான மின்னணுத் தராசு அந்தப் பத்தில் ஒரு பங்கைத் திரையில் காட்டியது. காட்டியதே அளந்தது என்று நம்பினேன். ஏப்ரல் மாதம், கொட்டகையில் வெப்பக்காற்று விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நூறு கெஜத்தில் ஓரளவு நன்றாகவே விழுந்த குண்டுகள், இருநூறு கெஜத்தில் மேலும் கீழுமாக நீள்கோட்டில் சிதறின. பக்கவாட்டில் சிதறினால் காற்று என்று சொல்லலாம்; செங்குத்தாகச் சிதறினால் வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறுகிறது என்று பொருள். டையைக் குறை சொன்னேன், குண்டைக் குறை சொன்னேன், பழைய ரைஃபிளின் மரத்தைக்கூடச் சந்தேகித்தேன்.

அளவீட்டையே பிழைப்பாகக் கொண்ட நான் செய்திருக்க வேண்டிய முதல் சோதனையைக் கடைசியில்தான் செய்தேன். சோதனை எடைக்கற்களை வாங்கி, தராசை இயக்கிய உடனே ஒருமுறை, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என நிறுத்தேன். ஒரு மணி நேரத்தில் அதே கல்லின் எடை 0.4 கிரெயின் நகர்ந்திருந்தது. விசிறியை அணைத்தபோது ஒரு பக்கம் நகர்ந்தது, போட்டபோது மறுபக்கம். பெரிய மான் வேட்டைத் தோட்டாவில் இந்த வேறுபாடு கரைந்துவிடலாம்; ·222 போன்ற சிறு கூட்டில், மொத்த மருந்தே குறைவு என்பதால், இது பெரிய விழுக்காடு. கட்டி வைத்திருந்த 60 தோட்டாக்களையும், சுத்தியல் வடிவிலான குண்டு பிடுங்கியில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன். பிரைமர் உயிரோடு இருக்கும் தோட்டா என்பதால் அவசரமின்றிச் செய்ய வேண்டிய வேலை அது. மருந்தைத் திரும்பப் பயன்படுத்தவில்லை.

அதன்பின் காந்தத்தால் ஆட்டம் தணிக்கும் பழைய பாணித் துலாக்கோல் தராசுக்கு மாறினேன். மின்சாரம் இல்லை, சூடேற நேரம் வேண்டாம். குறிமுள்ளைக் கண்மட்டத்தில் பார்க்கும்படி அலமாரித்தட்டில் வைத்து, மெல்லிய துகளூட்டியால் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். கடைசி இரண்டு மூன்று குச்சித்துகள் விழும்போது முள் அசைந்து கோட்டுக்கு வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வார இறுதியின் மிக நிம்மதியான நேரம். ·222 இந்த வேலைக்குக் கருணையுள்ள தோட்டா. அதற்குரிய ரைஃபிள் மருந்துகள் கூட்டைப் பெரும்பாலும் நிரப்பிவிடுவதால், தவறி இருமுறை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். குறைவாக ஊற்றியது மட்டுமே ஒளிந்திருக்கும். அதற்காக 50 கூடுகளையும் தாங்கியில் வரிசையாக நிறுத்தி, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, மருந்தின் மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தபிறகே குண்டு வைக்கிறேன். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும்; வேலை முடிந்ததும் மருந்து அதன் மூல டப்பாவுக்கே திரும்பும்.

குண்டு வைக்கும் கட்டத்தில் பிரஸ் மறுபடி தன் அருமையைக் காட்டுகிறது. 0.224 அங்குல விட்டமுள்ள குண்டைக் கூட்டின் வாயில் நிறுத்தி நெம்புகோலை இறக்கினால், நல்ல கழுத்துள்ள கூட்டில் வெண்ணெயில் இறங்குவதுபோல் ஒரே சீரான எதிர்ப்புடன் அமர்கிறது. இலேசாக இறங்கினால் கழுத்து தளர்ந்திருக்கிறது. முரண்டினால் பித்தளை இறுகியிருக்கிறது. அப்படிப்பட்டவற்றைத் தனியே ஒதுக்கி, பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். தராசு மாற்றத்துக்குப் பிறகு என் ரைஃபிளில் ஐந்து சுடுதல்களின் குழு நூறு கெஜத்தில் 0.6 அங்குலத்துக்குள் வருகிறது. கடையில் கிடைத்த பெட்டித் தோட்டாவில் அது 1.3 அங்குலம். இருநூறு கெஜத்தில் செங்குத்து நீட்சி மறைந்தது. பிரஸ் முதல் ஆண்டும் இதேதான், டையும் இதேதான்.

இந்த 0.6 அங்குலம் பெருமைக்காக அல்ல. பாறைக்கு மேல் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும் ஒரு விலங்கு இருநூறு கெஜத்தில் ஒரு கைமுட்டி அளவே தெரியும். அதைக் காயப்படுத்திவிட்டு வளைக்குள் ஓடவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல. உறுதியாகத் தெரியாத எந்தக் குண்டையும் சுடுவதில்லை.

குண்டைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. எங்களுக்குத் தெற்கே ஸ்நேக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1993-இல் அமைக்கப்பட்ட வேட்டைப்பறவைகள் பாதுகாப்புப் பகுதி உள்ளது. கழுகுகளும் வல்லூறுகளும் பருந்துகளும் அங்கே பாறைச் சுவர்களில் கூடு கட்டுகின்றன. சுடப்பட்டு வயலில் கிடக்கும் விலங்கை அவை உண்கின்றன. மென்மையான ஈயக் குண்டு, வேகமாகச் சென்று மோதியதும் பொடிப்பொடியாகச் சிதறும். அந்தத் துகள்கள் பறவையின் வயிற்றுக்குப் போகின்றன. ஆகவே வயலுக்கான தோட்டாக்களில் நான் ஈயமில்லாத குண்டையே வைக்கிறேன்: பார்ன்ஸ் நிறுவனத்தின் 36 கிரெயின் வார்மின்ட் கிரனேட், உள்ளே தாமிரமும் வெள்ளீயமும் கலந்த துகள். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஈயத்தைவிட அடர்த்தி குறைந்த உலோகத்தில் செய்த குண்டு, அதே எடைக்கு நீளமாகிவிடும். 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாக முறுக்கப்பட்ட பழைய ·222 குழல் நீளமான குண்டை நிலையாகச் சுழற்றாது. எடை குறைந்த, குட்டையான குண்டு என்பதால் இது பொருந்துகிறது. இலக்குத்தாளுக்கு 50 கிரெயின் ஈயக் குண்டு, வயலுக்கு இது. இரண்டுக்கும் தனித்தனிக் கையேட்டு அளவு, தனித்தனி நிறப் பெட்டி. கடையில் ·222 தோட்டாவே அரிதாக இருக்கும்போது இப்படியொரு தேர்வைப் பெட்டித் தோட்டாவில் செய்ய வழியே இல்லை. எனக்கு இந்தக் கருவி தந்த மிகப் பெரிய நன்மை இதுதான்.

வேகம் வேண்டுபவர்களுக்கு இது ஏற்றதல்ல. என் நிதானத்தில் சுத்தமான கூட்டிலிருந்து தொடங்கி 50 தோட்டா கட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. புல்வெளி நாய் எனப்படும் கொறிவிலங்குகளை ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுடும் சமவெளிப் பகுதியினர், பல நிலைகள் ஒரே இழுப்பில் நடக்கும் பிரஸ்ஸைத்தான் விரும்புவார்கள். அவர்களுக்கு அது நியாயமே. புதிதாகத் தொடங்குபவர் அதில் கைவைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே இழுப்பில் நான்கு வேலை நடக்கும்போது எந்த வேலை தவறியது என்று கை சொல்லாது.

விலையைக் கணக்கிடும்போது பிரஸ்ஸை மட்டும் பார்க்காதீர்கள். டை, ஷெல் ஹோல்டர், காலிப்பர், துலாக்கோல் தராசு, சோதனை எடைக்கற்கள், கூடு வெட்டி, கைப்பிடிப் பிரைமர் கருவி, குறைந்தது இரண்டு கையேடுகள் என எல்லாம் சேர்த்தால் பிரஸ்ஸின் விலையைப்போல் இருமடங்குக்கு மேல் போகும். கையில் பணம் குறைவாக இருந்தால் பிரஸ்ஸைப் பழையதாக வாங்குங்கள். வார்ப்பிரும்பு உடல் எளிதில் தேயாது. ராமைத் துடைத்து எண்ணெய் விட்டு, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தராசில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஷெல் ஹோல்டர் பிரஸ்ஸோடு வருவதில்லை. ஆர்சிபிஎஸ் வரிசையில் ·222-க்கு 10 என்ற எண் கேட்டு வாங்க வேண்டும். அதே எண் ·223-க்கும் பொருந்தும் என்பதால், இரண்டு ரைஃபிளும் வைத்திருப்பவர்கள் டைகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றின் பெட்டியிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.